எடுத்த பின் குவித்தல்: பெயர் ஒன்று, பொருள் மூன்று

பிரிக்பீல்ட்ஸில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் நடைபெற்ற ஆவணப் பயிலரங்கு ஒன்றில் மாணவி ஒருவர் எழுந்து வினவினார்: "ஐயா, படம் எடுத்த பிறகும் குவியத்தை மாற்றிக்கொள்ளும் கருவி வந்துவிட்டதாமே! அப்படியானால் எடுக்கும்போதே நாம் ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்?" நேரம் குறைவாக இருந்தமையால் சுருக்கமாக ஒரு விடை கூறி அமர்ந்தோம். அவ்விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. வினாவின் பின்னே நம் சொந்த இழப்பு ஒன்றும் இருந்தது. அதனை முதலிற் கூறிவிட்டுப் பொருளுக்குள் செல்வோம்.

கிள்ளானில் மூதாட்டி ஒருவரின் இல்லத்தில், அவர்தம் தந்தையார் தோட்டத்தில் கிராணியாகப் பணியாற்றிய காலத்தில் எழுதிவைத்த குறிப்பேடு ஒன்று இருந்தது. பெரட்டு, செக்ரோல், மங்கு, ஒட்டுப்பால் முதலிய தோட்டச் சொற்கள் அதில் நாள்தோறும் பயின்று வந்திருந்தன. ஆங்கிலத்திலிருந்தும் மலாயிலிருந்தும் தோட்டத் தமிழுக்குள் புகுந்த சொற்கள் என்ன எழுத்தில் நிலைபெற்றன என்று ஆராய்வோர்க்கு அது அரிய சான்று. மேசைமேல் விரித்த ஏட்டை, நாற்காலியில் அமர்ந்தவாறே, சாய்வாகப் படமெடுத்தோம். அறையில் ஒளி குறைவு. ஆகவே வில்லையின் துளையை முழுவதும் திறந்துவைத்தோம். கருவியின் சிறு திரையில் எல்லாம் தெளிவாகவே தோன்றின. இல்லம் திரும்பிக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலுள்ள மூன்று நான்கு வரிகளே படிக்கத்தக்கனவாக இருந்தன. மறுமுறை சென்று எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். 2021 டிசம்பரில் சிலாங்கூரைத் தாக்கிய பெருவெள்ளம் அவ்வீட்டிற்குள்ளும் புகுந்தது. ஏடு சேறாயிற்று.

ஆகவே அம்மாணவியின் வினா நம் செவியில் வேறு வடிவில் ஒலித்தது: அன்று அக்கருவி நம் கையில் இருந்திருப்பின், அவ்வரிகள் எஞ்சியிருக்குமா?

குவியம் என்பது யாது?

விடை காணுமுன் குவியம் என்பதன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். படக்கருவியின் வில்லை, குறிப்பிட்ட ஒரு தொலைவில் உள்ள பொருளின் ஒவ்வொரு புள்ளியையும் உணரியின்மேல் ஒரு புள்ளியாகவே சேர்க்கிறது. அத்தொலைவுக்கு முன்னும் பின்னும் உள்ளவை சிறு வட்டங்களாக விரிகின்றன. வட்டம் மிகச் சிறிதாயின் நம் கண் அதனைப் புள்ளியாகவே ஏற்கும். பெரிதாயின் மங்கல் என்கிறோம். மங்கலின்றித் தோன்றும் முன்பின் இடைவெளியைக் குவிய ஆழம் எனலாம்.

இவ்வாழம் எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு கணக்கு. 35 மில்லிமீட்டர் படச்சுருள் அளவிலான உணரியில் 50 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தி, அரை மீட்டர் தொலைவில் உள்ள ஏட்டைத் துளை எண் 2இல் எடுத்தால், குவிய ஆழம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். துளையைச் சுருக்கித் துளை எண் 8இல் எடுத்தால் அது ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் ஆகும். சாய்வாக எடுத்த நம் படங்களில் நடுவரிகள் மட்டும் ஏன் எஞ்சின என்பதற்கு இதுவே காரணம். பக்கத்தின் மேற்புறம் அந்த 1 சென்டிமீட்டருக்கு அப்பாலும், கீழ்ப்புறம் அதற்கு இப்பாலும் கிடந்தன.

மூன்று பொருள்கள்

"எடுத்த பின் குவித்தல்" என்னும் தொடரை விற்பனையாளரும் செய்தித்தாள்களும் ஒரே பொருளில் வழங்குகின்றனர். மொழியியலார் என்ற முறையில் நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டியுள்ளது. அத்தொடர் உண்மையில் மூன்று வெவ்வேறு செயல்களைக் குறிக்கின்றது. மூன்றையும் பிரித்தறியாதவரை அம்மாணவியின் வினாவுக்கு விடை கூற இயலாது.

முதலாவது, ஒளிப்புலக் கருவி. பொதுவான கருவியின் உணரி, ஓரிடத்தில் மொத்தம் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டும் பதிவு செய்யும். அவ்வொளி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அது அறியாது. தோட்டத்துப் பெரட்டுக்களத்தை எண்ணிப் பாருங்கள். இன்று இத்தனை பேர் வந்தனர் என்று கூட்டுத்தொகையை மட்டும் எழுதுவது ஒரு முறை. யார் யார் எந்த லயத்திலிருந்து வந்தனர் என்று தனித்தனியே எழுதுவது மற்றொரு முறை. முதல் ஏட்டிலிருந்து தொகை ஒன்றுதான் கிட்டும். இரண்டாம் ஏட்டிலிருந்தோ, பிறகு வேண்டியவாறு ஆட்களைப் பிரித்தும் சேர்த்தும் வெவ்வேறு தொகைகள் காணலாம். ஒளிப்புலக் கருவி இரண்டாம் ஏட்டைப் போன்றது. உணரிக்கு முன்னே மிக நுண்ணிய வில்லைகளை வரிசையாகப் பரப்பி, வரும் கதிர்களைத் திசைவாரியாகப் பிரித்து எழுதிக்கொள்கிறது. பின்னர்க் கணினி அக்கதிர்களை வேறு வகையில் கூட்டி, வேறொரு தொலைவில் குவித்த படத்தைத் தருகிறது.

இவ்வெண்ணம் புதிதன்று. பிரெஞ்சு அறிவியலார் காபிரியேல் லிப்மன் 1908ஆம் ஆண்டிலேயே நுண்வில்லை வரிசையின் வழியே படமெடுக்கும் முறையை முன்மொழிந்தார். அதனை அன்றாடக் கருவியாக்க முனைந்தவர் மலேசியாவில் பிறந்த ரென் இங். நண்பர் ஒருவரின் சிறு மகளைப் படமெடுக்கையில் குவியம் வைப்பதற்குள் அக்குழந்தையின் முகபாவம் மாறிவிட்டமையே தம் தேடலுக்குத் தூண்டுகோலாயிற்று என்று அவர் கூறியுள்ளார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 2006ஆம் ஆண்டில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு இப்பொருள் பற்றியே அமைந்தது. அவர் தோற்றுவித்த நிறுவனம் லைட்ரோ என்னும் பெயரில் 2012இல் தன் முதற்கருவியை வாங்குவோர்க்கு அனுப்பியது. விலை 399 அமெரிக்க வெள்ளி. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,200 ரிங்கிட். 2014இல் வந்த இல்லம் என்னும் பெரிய கருவியின் விலை 1,599 வெள்ளி.

இரண்டாவது, குவிய அடுக்கு. இங்குப் புதிய உணரி ஏதுமில்லை. கருவி குவியத்தை முன்னிருந்து பின்னாக நகர்த்திக்கொண்டே பல படங்களை விரைந்து எடுக்கிறது. அவற்றுள் வேண்டிய ஒன்றை நாம் பிறகு தெரிந்துகொள்ளலாம். பலவற்றை ஒன்றாக இணைத்து முழுவதும் தெளிவான ஒரு படமும் ஆக்கலாம். பானசோனிக் நிறுவனம் 2015 முதல் தன் கருவிகளில் இவ்வசதியைத் தந்துள்ளது. பொருள் அசையாதிருக்க வேண்டும் என்பதே இதற்குரிய கட்டுப்பாடு. கல்வெட்டு, கல்லறைப் பலகை, அணிகலன், நாணயம் ஆகியவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. துள்ளி விளையாடும் சிறார்க்கு ஏலாது.

மூன்றாவது, கணித்த மங்கல். நம் கைத்தொலைபேசிகளில் இருப்பது பெரும்பாலும் இதுவே. 2014இல் எச்டிசி நிறுவனத்தின் ஒன் எம்8 தொலைபேசி இரண்டு வில்லைகளைக் கொண்டு தொலைவை அளந்தது. அதே ஆண்டில் கூகுள் தன் படச்செயலியில் இத்தகைய வசதியைச் சேர்த்தது. 2016இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 7 பிளஸ் வழியாக உருவப்பட முறை உலகெங்கும் பரவியது. இம்முறையில் படம் முன்னும் பின்னும் பெரும்பாலும் தெளிவாகவே பதிவாகிறது. பின்னர் மென்பொருள், தொலைவை மதிப்பிட்டு, முகம் ஒழிந்த மற்ற இடங்களை மங்கலாக்குகிறது. நாம் பிறகு குவியத்தை மாற்றுகிறோம் என்று எண்ணும்போது, எந்த இடத்தை மங்கலாக்குவது என்பதை மட்டுமே மாற்றுகிறோம். எடுக்கும்போது உண்மையிலேயே மங்கிப்போனதை இம்முறை மீட்டுத் தராது.

ஆகவே முதலாவது, கதிர்களைச் சேமித்து மீளக் கூட்டுகிறது. இரண்டாவது, பல படங்களுள் ஒன்றைத் தெரிவு செய்கிறது. மூன்றாவது, தெளிந்ததை மறைக்கிறது. இம்மூன்றையும் ஒரு பெயரால் அழைப்பதனாலேயே, "எடுக்கும்போது கவலைப்பட வேண்டாம்" என்னும் நம்பிக்கை பிறக்கிறது.

புள்ளியின் விலை

நம் ஏட்டுக்குத் திரும்புவோம். கைத்தொலைபேசியின் கணித்த மங்கல் நமக்கு உதவியிராது. குவிய அடுக்கு உதவியிருக்கும். ஏடு அசையாப் பொருள். ஒளிப்புலக் கருவியோ?

திசையையும் எழுதிக்கொள்வதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு நுண்வில்லைக்கும் கீழே பல பிக்சல்கள் தேவைப்படுகின்றன. அவை அனைத்தும் சேர்ந்து இறுதிப் படத்தில் ஒரு பிக்சலுக்கே பயன்படுகின்றன. ஸ்டான்போர்டில் செய்த சோதனைக் கருவியில் 1 கோடியே 60 இலட்சம் பிக்சல் கொண்ட உணரியின்மேல் ஏறத்தாழ 90,000 நுண்வில்லைகள் இருந்தன. கிட்டிய படம் பக்கத்துக்கு 300 பிக்சலுக்கும் குறைவு. விற்பனைக்கு வந்த முதற்கருவி ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கதிர்களைப் பதிவு செய்தும், தந்த படம் 1,080க்கு 1,080 பிக்சல் அளவினதே.

20 சென்டிமீட்டர் உயரமுள்ள ஏட்டுப் பக்கத்தை அப்படத்தில் முழுவதும் அடக்கினால், 1 சென்டிமீட்டருக்கு 54 பிக்சல் கிட்டும். எழுதுகோலால் இட்ட மெய்யெழுத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர் எனக் கொள்வோம். அதற்குக் கிட்டுவது 3 பிக்சல்கூட இல்லை. தாளின் கறையும் புள்ளியும் அவ்வளவில் ஒன்றுபோலவே தோன்றும். "பல்" என்று எழுதியதும் "பல" என்று எழுதியதும் வேறுபடா. பழைய கையெழுத்தில் காலும் ரகரமும் மயங்கும் சிக்கல் ஏற்கெனவே உண்டு; புள்ளியும் போய்விட்டால் படிப்போர்க்குப் பிடிப்பே இராது. 4,000 பிக்சல் உயரமுள்ள இன்றைய எளிய கைத்தொலைபேசிப் படத்திலோ, அதே புள்ளிக்கு 10 பிக்சல் கிட்டுகிறது.

எனவே ஒளிப்புலக் கருவி இருந்திருப்பின் பக்கத்தின் எல்லா வரிகளும் ஓரளவு தெரிந்திருக்கும். எழுத்துகளை உறுதியாகப் படிக்க இயன்றிராது. ஏட்டைச் சன்னலருகே கொண்டுசென்று, தரையில் விரித்து, நேர்மேலிருந்து எடுத்திருப்பின், பக்கம் முழுவதும் ஒரே தொலைவில் இருந்திருக்கும். 1 சென்டிமீட்டர் ஆழமே போதியதாயிருக்கும். குறை நம் கருவியில் இல்லை. நாற்காலியிலிருந்து எழாத நம் சோம்பலில் இருந்தது.

அன்றாடப் படங்களில்

ஏடு ஒருபுறம் இருக்கட்டும். தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் நாம் எடுக்கும் படங்கள் எதனால் மங்குகின்றன? பெரும்பாலும் அசைவால். ஒளி குறைந்த இடத்தில் கருவி நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருப்பதாகக் கொள்வோம். தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடியுடன் ஒருவர் நொடிக்கு 1 மீட்டர் விரைவில் நடந்தால், அந்நேரத்தில் அவர் 3 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார். இந்த மங்கலை ஒளிப்புலமும் நீக்காது. குவிய அடுக்கும் நீக்காது. மேலும் கைத்தொலைபேசியின் வில்லை சில மில்லிமீட்டர் குவியத் தூரமே உடையது. ஏறத்தாழ 2 மீட்டருக்கு அப்பால் உள்ளவை அனைத்தும் அதில் ஒருங்கே தெளிவாகப் பதியத்தக்கன. குவியம் தவறும் இன்னல் அன்றாடப் படங்களில் அருகிவிட்டது. மக்கள் ஒளிப்புலக் கருவியைப் பெருமளவில் வாங்காமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

ஆயினும் எடுத்த பின் குவித்தலுக்கு ஆதரவாக வலுவான வாதம் ஒன்று உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. எடுக்கும் நாளில் நமக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறு. முப்பது ஆண்டு கழித்துத் தேடுவது வேறு. திருமணத்தன்று மணமகளின் முகத்தைக் குவிக்கிறோம். பின்னாளில் பேரப்பிள்ளைகள் அவர் பின்னே நின்ற பாட்டியின் முகத்தைத் தேடுவர். நம்மைப் போன்றோர் அதற்கும் பின்னே தெரியும் கடைப்பலகையின் தமிழ் எழுத்துக்கூட்டலைத் தேடுவோம். பிரிக்பீல்ட்ஸில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு ஊழியர்க்காகக் கட்டப்பெற்று, "நூறு குடியிருப்புகள்" என்னும் பொருளில் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் என வழங்கிய வரிசை வீடுகள் இன்று இல்லை. அங்கு வாழ்ந்தோரின் குடும்பப் படங்களில் அவ்வீடுகள் பின்னணியாகவே நின்றிருக்கும். அப்பின்னணியே இப்போது நமக்குச் சான்று.

இவ்வாதத்தை நாம் ஏற்கிறோம். ஆனால் அதற்கு வேண்டிய மருந்து புதிய கருவியன்று. பின்னணியும் ஒருங்கே தெளிவாக இருக்குமாறு எடுத்தாலே போதும். தனிக்கருவியில் துளையைச் சுருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் உருவப்பட முறையைத் தவிர்த்து இயல்பான முறையில் எடுக்க வேண்டும். இன்று இளையோர் பலர் அழகு கருதி உருவப்பட முறையிலேயே எல்லாப் படங்களையும் எடுக்கின்றனர். மங்கலை நீக்கும் வசதி அதே தொலைபேசியில் இருக்கும்வரை இருக்கலாம். வாட்சாப் வழியே அனுப்பியவுடன் தொலைவுக் குறிப்புகள் நீங்கி, மங்கிய படம் மட்டுமே மறுமுனையைச் சேரும். பின்னே நின்ற பாட்டி அங்கே நிலையாக மறைந்துவிடுகிறார்.

திறக்க இயலாத கோப்பு

இன்னொன்றையும் ஆசிரியர்கள் கருத வேண்டும். லைட்ரோ கருவியின் படங்கள் அந்நிறுவனத்துக்கே உரிய கோப்பு வடிவில் அமைந்தவை. குவியத்தை மாற்ற அதன் மென்பொருள் வேண்டும். படங்களைப் பகிர்வதற்கு அந்நிறுவனம் நடத்திய இணையத்தளம் 2017ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வசதியை நிறுத்தியது. 2018 மார்ச்சில் நிறுவனமே மூடப்பட்டது. ஆய்வாளர் சிலர் அக்கோப்புகளைத் திறக்கும் நிரல்களை எழுதியுள்ளனர் எனினும், அவை பொதுமக்கள் எளிதில் கையாளத் தக்கவையல்ல. 1992ஆம் ஆண்டில் தரநிலையாகிய ஜேபெக் வடிவிலான படத்தையோ இன்றும் எந்தக் கணினியிலும் திறக்கலாம்.

தமிழர்க்கு இப்பாடம் புதிதன்று. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1980களில் முரசு மென்பொருளை உருவாக்கித் தமிழைக் கணினியில் ஏற்றிய காலந்தொட்டு, ஒருங்குறி பரவிய காலம்வரை, வெவ்வேறு எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளைப் பின்பற்றின. ஒரு முறையில் தட்டெழுதிய கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியபோதும் குறியீட்டுத் தரநிலை முதன்மையான பேச்சுப்பொருளாக இருந்தது. அக்காலத்தில் தட்டெழுதிய நம் ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றை ஒருங்குறிக்கு மாற்ற நாம் பட்ட பாடு நினைவில் உள்ளது. எழுத்துக்கு நேர்ந்தது படத்துக்கும் நேரும். தனியொரு நிறுவனத்தின் மென்பொருளை மட்டும் நம்பி ஓர் ஆவணத்தை வைப்பது, சாவியை அயலாரிடம் தந்துவிட்டுப் பெட்டியை மட்டும் காப்பதாகும்.

விடை

இனி அம்மாணவிக்கு விடை கூறலாம். எடுத்த பின் குவித்தல் பயனற்றதன்று. தொழிற்சாலைகளில் பொருள்களின் மேடுபள்ளத்தை அளக்கவும், நுண்ணோக்கி ஆய்விலும் ஒளிப்புல முறை நன்கு பயன்படுகிறது. கல்வெட்டும் கல்லறைப் பலகையும் எடுப்போர்க்குக் குவிய அடுக்கு உதவும். அன்றாடம் படமெடுப்போர்க்கோ இதனால் விளையும் நன்மை சிறிது. அதனை நம்பி எடுக்கும்போதே கவலையைக் கைவிட்டால் விளையும் தீமை பெரிது.

வகுப்பில் பின்பற்றத்தக்க சிலவற்றைக் கூறி முடிக்கிறோம். ஏட்டையும் கடிதத்தையும் சன்னலொளியில் நேர்மேலிருந்து எடுக்கச் செய்யுங்கள். எடுத்த படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு மெய்யெழுத்துப் புள்ளியைத் தேடச் செய்யுங்கள். நான்கும் தெரிந்தாலன்றி அவ்விடத்தை விட்டு எழவேண்டாம். மக்களைப் படமெடுக்கையில் பின்னணி மங்காத முறையையே தெரிந்துகொள்ளச் செய்யுங்கள். படத்திலுள்ளோர் பெயர், இடம், நாள் ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். எந்தக் குவியமும் அவற்றைப் பிறகு தாராது. மூலக்கோப்பைப் பொதுவடிவில் இரண்டு இடங்களில் வையுங்கள். அவற்றுள் ஓரிடமேனும் வெள்ளம் எட்டாததாக இருக்கட்டும்.

கிள்ளான் மூதாட்டியார் நலமாக உள்ளார். சென்ற முறை கண்டபோது, எஞ்சிய வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தோம். அவ்வரிகளை வாய்விட்டுப் படித்த அவர், அடுத்து வரவேண்டிய ஓரிரு சொற்களைத் தம் நினைவிலிருந்தே கூறினார். அவற்றையும் குறித்துக்கொண்டோம். மாணவர்கள் அவரைக் காணச் செல்வதாயின் விரைந்து செல்லட்டும்.